தவணையில் வாங்கும் வீடு: பத்திரம் கடைசியிலா?

கேள்வி: பாளையங்கோட்டையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டையே 32 லட்சம் ரூபாய்க்குத் தர உரிமையாளர் இசைந்துள்ளார். 12 லட்சம் முன்பணம் போக, மீதியை 5 ஆண்டுகளில் மாதத் தவணையாக அவரிடமே செலுத்த வேண்டும். முடிந்ததும் பத்திரம் பதிந்து தருவாராம். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. கிரய ஒப்பந்தத்தால் மட்டும் வீட்டின் மீது உங்களுக்கு உரிமை பிறப்பதில்லை என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு. ஆகவே, கிரயத்தை இப்போதே உங்கள் பெயரில் பதிந்து, பாக்கி 20 லட்சத்துக்கு அதே வீட்டை அவருக்கு அடமானம் எழுதிக் கொடுப்பதே நான் முதலில் சொல்லும் வழி. முத்திரைத் தீர்வையை உடனே கட்ட வேண்டியிருக்கும். இருந்தாலும் அது வீண் செலவன்று.

அவர் மறுத்தால், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இந்தப் பதிவு கட்டாயம். பதிந்தால் வில்லங்கச் சான்றிதழில் ஏறிவிடும் என்பதால், பிறகு அதே வீட்டை வாங்குகிறவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இயலாது.

நீங்கள் ஏற்கெனவே வாடகைதாரர் என்பதுதான் இதில் சிக்கலான இடம். நாளை தகராறு வந்தால், நீங்கள் கட்டியதெல்லாம் வாடகையே என்று அவர் சொல்லலாம். இன்ன தேதியோடு வாடகை முடிந்தது, அன்று முதல் வாங்குபவராகவே வீட்டை அனுபவித்து வருகிறார், தவணைகள் கிரயத்தொகையில் சேரும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் அனுமதிப்பதில்லை. தவணைகளை நோட்டில் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்த ஒருவரிடம், விற்றவர் காலமானதும், 'இது அப்பா கையெழுத்தே இல்லை' என்று மகன் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

மூலப் பத்திரத்தை அசலாகப் பாருங்கள். நகலை மட்டும் காட்டினால், அசல் எங்கோ கடனுக்கு ஈடாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பரப்பு மரக்கால் விதைப்பாடாக, அதாவது எத்தனை மரக்கால் விதை விதைக்கும் நிலம் என்ற கணக்கில், இருப்பதுண்டு. பட்டாவிலுள்ள அளவோடு அது பொருந்துகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். பூர்வீகச் சொத்தானால், பெண்மக்கள் உட்படப் பங்குதாரர் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.

கிரயம் முடித்துத் தரவேண்டிய நாளையும் ஒப்பந்தத்தில் குறித்துவிடுங்கள். அந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்; எனவே அவர் இழுத்தடித்தால் முதல் மாதமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.