கேளுங்கள், சொல்கிறோம்: காற்றாலையும் அக்கம்பக்கமும்

வீட்டிலிருந்து 400 மீட்டரில் காற்றாலை. ஆனி, ஆடியில் இரவெல்லாம் இரைச்சல். கைபேசியில் அளந்தால் 60 டெசிபல் காட்டுகிறது. புகார் கொடுக்கலாமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

கொடுக்கலாம், ஆனால் அந்த 60 நிற்காது. ஆடிக் காற்று மைக்கில் மோதும் சத்தமும் தென்னையோலைச் சலசலப்பும் அதில் சேர்ந்திருக்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு.

முறையான ஒலிமானி வேண்டும். மைக்கில் பஞ்சு உறை மாட்டி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி வைத்து, பத்து நிமிடச் சராசரி எடுங்கள். பிறகு காற்றாலையை நிறுத்தச் சொல்லி, அதே இடத்தில் இன்னொரு முறை. இந்த இரண்டாவது அளவு இல்லாவிட்டால் முதல் அளவால் பயனில்லை. ஓடும்போது 52, நின்றபின் 42 என்றால் சத்தம் ஏறக்குறைய முழுக்கக் காற்றாலையுடையது. 45-உம் 42-உம் என்றால் காற்றாலையின் பங்கு 42 மட்டுமே (டெசிபலைச் சாதாரணக் கணக்கில் கழிக்க முடியாது; 42-உம் 42-உம் சேர்ந்தால் 45தான்), வரம்பைத் தாண்டவில்லை.

சத்தத்தின் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். 'உஸ்… உஸ்' என்று விட்டுவிட்டு வந்தால் அது இறக்கை காற்றை வெட்டுவது, தூரம்தான் மருந்து. இடைவிடாத ரீங்காரம் என்றால் கியர் பாக்ஸையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். விசில் போலக் கேட்டால் இறக்கையின் முன்விளிம்பு மணலும் மழையும் பட்டு அரித்திருக்கலாம். பின்னிரண்டும் பராமரிப்பில் தீரக்கூடியவை. நிறுவனத்துக்கு முதலில் எழுதுங்கள். மசியாவிட்டால் அளவுகளோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு.

காத்தாடிகள் மழை மேகத்தைக் கலைக்கின்றன என்கிறார்களே?
– வாசகர், தோவாளை

இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஓர் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, ஈரம் குறைந்து, வேகத்தோடு இங்கே பாய்கிறது. காற்று மிகுதிக்கும் மழைக் குறைவுக்கும் காரணம் ஒன்றே. அதனால்தான் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலை வைத்தார்கள். இரவில் காற்றாலைகள் மேல்காற்றையும் கீழ்காற்றையும் கலக்குவதால் பக்கத்து நிலம் சற்றுச் சூடாவது மட்டும் உண்மை.

தேரூர் குளத்துப் பறவைகளுக்கு ஆபத்தா?
– வாசகர், சுசீந்திரம்

உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் என்பதால் கவனம் வேண்டும். நாரை போன்ற பெரிய பறவைகளுக்கு இறக்கையைப் போலவே மின்கம்பியும் எமன். கம்பியில் பறவை கண்ணில் படும் தட்டுகளைத் தொங்கவிடுவது மலிவான வேலை. நார்வேயின் ஸ்மூலா தீவில் ஓர் இறக்கைக்குக் கறுப்படித்ததில் பறவைச் சாவு 70 சதவீதம் குறைந்தது என்கிறார்கள். ஆனால் நான்கே காற்றாலைகளில் செய்த சோதனை அது. வௌவாலுக்கு வேறு வழி உண்டு: இரவில் நொடிக்கு 3.5 மீட்டருக்குப் பதிலாக 5 மீட்டர் காற்று வந்தபின் சுழல விட்டால் சாவு நன்றாகக் குறையும். மெல்லிய காற்றில் கிடைக்கும் மின்சாரமே சொற்பம் என்பதால் நிறுவனத்துக்குப் பெரிய நட்டமில்லை.