கர்ப்பிணிகளும் வீட்டுக்குள் வரும் ரசாயனங்களும்: வாசகிகள் கேட்டவை

எனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார் மாமியார். நாற்பது வருட வீடு. பெயின்ட் வாசனை குழந்தைக்கு ஆகுமா? (காரைக்குடி)

வாசனையைவிட எனக்குக் கவலை தருவது தூசிதான். பழைய கதவையும் ஜன்னல் கம்பியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள் இல்லையா, அந்தத் தூளில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், அதிலும் பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ என்றால், ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயமும் கால்சியமும் உடலுக்கு ஒன்றுபோலத் தெரியும். அதனால் உள்ளே போன ஈயத்தில் பெரும்பகுதி எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். குழந்தைக்குக் கால்சியம் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும்போது, அவள் சிறுமியாக இருந்த காலத்தில் சேர்ந்த ஈயமும் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைக் கடந்துவிடுகிறது. எடைக் குறைவு, குறைமாதப் பிரசவம், பின்னால் குழந்தையின் கற்கும் திறனில் பாதிப்பு எல்லாம் இதனால் வரலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விடவே வேண்டாம் என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சத்துகள் குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். இரண்டையும் ஒரே வேளையில் போடாதீர்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

வேலை முடியும்வரை அம்மா வீட்டில் இருங்கள். தேய்ப்பவர்களிடம் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பிறகு தரையைப் பெருக்காமல், ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை துடைக்கட்டும். தூசி ஏற்கெனவே பட்டுவிட்டது என்றால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், எங்கிருந்து வந்தது என்று தேடியே ஆக வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு தருவார்கள். கர்ப்பத்திலேயே சாப்பிடலாமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம். பால் கொடுக்கும்போதும் தவிர்ப்பது நல்லது. சிறிய மீனைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா, கொப்பரன் எல்லாம் அந்த வகை. ஜப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவால் கெட்ட மீனைச் சாப்பிட்ட தாய்மார்கள் பலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறந்த பிள்ளைகளுக்கு மூளை பாதித்திருந்தது. நம் ஊரில் தொப்புள்கொடியைத் தாயத்தில் வைப்பதுபோல அங்கேயும் காயவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். பல வருடம் கழித்து அந்தக் கொடிகளைச் சோதித்தபோதும் பாதரசம் இருந்தது.

அதற்காக மீனையே விட்டுவிடாதீர்கள். குழந்தையின் மூளைக்கு மீன் நல்லது. மத்தி, நெத்திலி போதும், விலையும் குறைவு.

முகத்தில் மங்கு விழுந்திருக்கிறது. தோழி தந்த க்ரீம் போட்டதும் ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது. தொடரலாமா? (ஈரோடு)

இன்றே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் வெளுக்கிறது என்றாலே எனக்குப் பாதரசச் சந்தேகம்தான் வரும். என்னிடம் வந்த ஒரு பெண் இப்படித்தான் ஒரு டப்பாவை மேசையில் வைத்தாள். தயாரித்தவர் முகவரியும் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்றும் இல்லை. பாதரசம் தோல் வழியாகவே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழந்தைக்கும் போகும். அடுத்த செக்கப்புக்கு டப்பாவையும் எடுத்துப் போங்கள். மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானே மங்கிவிடும். உங்கள் நிறத்தில் எந்தக் குறையும் இல்லை, தாயே.

பார்சல் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் வாங்கலாமா? (மதுரை)

சூடாக வேண்டாம். தூக்குவாளி கொண்டுபோங்கள்.

கணவர் தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறார். நான் வயலுக்கே போவதில்லை. பயமில்லைதானே? (தேனி)

அவர் சட்டையை யார் துவைக்கிறார்கள்? பெரும்பாலும் நீங்கள்தான், இல்லையா? பூச்சிமருந்து துணியோடு வீட்டுக்கு வந்துவிடும். பம்புசெட்டிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் துணியை அவரே கையுறை போட்டுத் தனி வாளியில் அலசட்டும். மருந்து வந்த காலி டப்பா எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் அடுப்படிக்கு வரக்கூடாது. அதில் தண்ணீர் பிடித்து வைக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.