கப்பலும் போகவில்லை, பேச்சும் இல்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 51, திருவாரூர் பக்கம். என் வீட்டுக்காரர் இந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். என் மாமனார் இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு அங்கே போக ஆசை. பிள்ளைகள் விமானத்தில் போகச் சொன்னார்கள். நான்தான், "நாலு மணி நேரம், கடலைப் பார்த்துக்கொண்டே போகலாமே" என்று கப்பலுக்குப் பிடிவாதம் பிடித்தேன்.

ஐப்பசியில் நாகை போய் இறங்கினால், துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று லாட்ஜில் மூன்று நாள். மழை விடவே இல்லை. இவர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை துறைமுக வாசலுக்குப் போய் வந்தார். சட்டைப்பையில் மாமனார் அந்தக் கடை வாசலில் நிற்கும் போட்டோவைப் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி, "உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பார்" என்றார். அப்புறம் நான் வாயே திறக்கவில்லை. திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. சாப்பாடு, மாத்திரை தவிர பேச்சில்லை. தை மாதம் மறுபடி போகலாமா என்று இப்போது அவரே கேட்கிறார். எனக்கு மனசே இல்லை. என்ன செய்ய?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. வாடைக் காற்றுக்கு நீங்கள் பொறுப்பல்ல. அவர் சொன்னது அநியாயம். அதை விழுங்கிவிட்டு டிக்கெட் எடுக்காதீர்கள்.

நாகையில் கூண்டு ஏறினால் மீனவர் வீடுகளில் வலையைச் சரிபார்ப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள். கைக்கு வேலை இருக்கும். உங்கள் கணவருக்கு அந்த அறையில் என்ன வேலை? இன்றைக்கு நிச்சயம் கப்பல் இல்லை என்று தெரிந்திருந்தால்கூட மனசு அடங்கியிருக்கும். வருமா வராதா என்ற நிலையில் மூன்று நாள் இருந்தால், கோபத்தை இறக்கிவைக்க மனம் ஆள் தேடும். கடலைத் திட்ட முடியாது. பக்கத்தில் இருந்தது நீங்கள். (பிள்ளைகள் கூட வந்திருந்தால் அவர்களும் வாங்கிக் கட்டியிருப்பார்கள்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த போட்டோ. போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். மழையில் ஐந்து தடவை அந்த மனிதர் நடந்தது கப்பலுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா நின்ற இடத்தில் போய் நிற்க வந்தவர் அவர். முடியாமல் போனபோது அதைத் துக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. நம் ஊர் ஆண்கள் பலருக்குத் தெரியாது, கோபமாகத்தான் வரும். இது அவர் பேச்சை நியாயப்படுத்த அல்ல. தை மாதம் போகலாமா என்று கேட்கிறாரே, அது அவருக்குத் தெரிந்த வகையில் கேட்கும் மன்னிப்பாகவும் இருக்கலாம்.

நீங்களும் ஒரு மாத மௌனத்தால் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அது அவருக்கு என்னவாகக் கேட்டது என்று யாருக்குத் தெரியும்?

தேதியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். மதியச் சாப்பாடு முடிந்து அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, "அந்த போட்டோவைக் காட்டுங்க, மாமா எந்தக் கடையில நின்னாங்க?" என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கட்டும். பிறகு, அன்றைக்கு ராத்திரி சொன்னது வலித்தது என்று சொல்லுங்கள். அதற்கும் அவர் எரிந்து விழுந்தால், அல்லது இந்த மௌனம் பல வருடப் பழக்கம் என்றால், இருவருமாக ஒருமுறை நேரில் வாருங்கள்.

போவதென்று முடிவானால் தை கடைசியில், மாசியில் போங்கள். கடல் ஓரளவு அடங்கியிருக்கும். நாகையில் இரண்டு நாள் கூடுதலாகவே கணக்கு வையுங்கள். நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் பக்கம்தான். லாட்ஜில் ஜன்னல் வைத்த அறையாகக் கேளுங்கள்.