பூர்வகுடி இளையோர் தங்குமிடத்தில் பணிபுரிவோருக்கு: கேள்வி பதில்

கனடாவில் வீடிழந்த, ஆபத்தில் உள்ள பூர்வகுடி இளையோருக்கான அவசரத் தங்குமிடங்களில் பணிபுரிகின்ற, அல்லது பணிபுரிய விரும்புகின்ற தமிழர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. வின்னிபெக்கில் இத்தகைய தங்குமிடம் ஒன்றில் நீண்டகாலமாகப் பணியாற்றிவரும் உறுப்பினர் ஒருவர் பதிலளிக்கிறார்.

வணக்கம் அக்கா. சமூக சேவைப் பணியாளர் டிப்ளோமா முடித்து, இளையோர் தங்குமிடம் ஒன்றில் இரவு ஷிப்ட் தொடங்குகிறேன். முதல் வாரத்தில் எதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்? (வின்னிபெக்)

நள்ளிரவில் கதவைத் தட்டும் பிள்ளைக்கு முதலில் வேண்டியவை சூடான உணவு, காய்ந்த காலுறை, குளிக்கத் துவாய், தொலைபேசிக்கு மின்னேற்றம் ஆகியவைதான். படிவத்தில் உள்ள கேள்விகளில் அன்றிரவின் பாதுகாப்புக்குத் தேவையானவற்றை மட்டும் கேட்டுவிட்டு, மற்றவற்றைக் காலைக்கு ஒத்திவையுங்கள். கோப்பைப் படிப்பதற்கு முன்பே மூன்று விடயங்களை அவரிடமே கேட்டறிந்துகொள்ளுங்கள்: எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறார், எந்த ஊர் மக்களைச் சேர்ந்தவர், இந்த நேரத்தில் யாரிடம் பேச விரும்புகிறார். மூன்றாவது கேள்வியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். பிள்ளையை அவருடைய உறவுகளிடமிருந்து மீட்டெடுப்பது நம்முடைய வேலை அல்ல. இன்றிரவு அவர் உயிரோடும் பாதுகாப்போடும் இருக்க வேண்டும், அவருடைய உறவுகள் நம்மால் அறுபடாமலும் இருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

நாங்களும் போரில் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையோடு இந்த நாட்டுக்கு வந்து, உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இவர்களுக்கு அரசு இவ்வளவு உதவி செய்தும் ஏன் இந்த நிலை? (ஸ்காபரோ)

ஐயா, நம் வீடுகளில் பலரும் கேட்கும் கேள்வி இது என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன். நாம் வீட்டையும் நிலத்தையும் உயிர்களையும் இழந்தோம். அந்த இழப்பைச் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதுங்கு குழியிலும் அகதி முகாமிலும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தாயின் அருகில் தமிழ் கேட்டுத்தான் உறங்கினார்கள். இங்கே வந்தபின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் கோயிலுக்கும் நாம் அவர்களைத் தடையின்றி அழைத்துச் சென்றோம்.

பூர்வகுடி மக்களிடமிருந்து இந்த நாடு பறித்துக்கொண்டது பிள்ளைகளையே. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1920இல் அது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. அரசு நிதியில் இயங்கிய இந்தப் பாடசாலைகள் 1990களில்தான் முழுமையாக மூடப்பட்டன. தாய்மொழி பேசிய பிள்ளைகள் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை. பாடசாலைகள் குறையத் தொடங்கிய காலத்தில் சிறுவர் நலத்துறை அந்த வேலையைத் தொடர்ந்தது: 1950களிலிருந்து 1980கள் வரை ஏராளமான பிள்ளைகள் வீடுகளிலிருந்து எடுக்கப்பட்டு, பூர்வகுடிகள் அல்லாத குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பெற்றோர் பிள்ளையை எப்படித் தேற்றுகிறார்கள் என்பதை ஒரு நாளும் காணாமல் வளர்ந்த ஒருவர் தாமே தாயாகும்போது எதைப் பார்த்துக் கற்றிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். இது தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது.

இன்றும் அது முடிந்துவிடவில்லை. 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் 7.7 சதவீதம், ஆனால் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 பரிந்துரைகளில் முதல் ஐந்தும் சிறுவர் நலம் பற்றியவையாக அமைந்ததற்குக் காரணம் இதுவே. உதவியைப் பற்றிக் கேட்டீர்கள். பூர்வகுடிகளில் ஒரு பிரிவினரான முதற்குடி (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) மக்களின் பிள்ளைகளுக்கான சேவைகளுக்குக் கூட்டாட்சி அரசு போதிய நிதி ஒதுக்காமல் பாகுபாடு காட்டியது என்று கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயமே 2016இல் தீர்ப்பளித்தது.

ஆகவே, "நாங்கள் முன்னேறவில்லையா" என்ற வாக்கியத்தைத் தங்குமிடத்தின் வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று நம்மவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வீட்டை விட்டு ஓடியவரின் பயம் நமக்குத் தெரியும். அந்த அறிவைப் பிள்ளையின் அருகில் பொறுமையாக இருப்பதற்குப் பயன்படுத்துங்கள், அவரை அளப்பதற்கு அல்ல.

15 வயதுப் பையன் ஒருவன் யாரிடமும் பேசுவதில்லை. இரவு பத்து மணிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. அவன் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறான். விதியைத் தளர்த்தினால் மற்றவர்களும் மீறுவார்களே? (தண்டர் பே)

ஒரு மணிக்கு வந்தாலும் அவன் உங்களிடம்தான் வந்திருக்கிறான். கதவைத் திறந்து, வந்தது நல்லது என்று சொல்லி, சாப்பாடு இருப்பதைத் தெரிவியுங்கள். நேரத்தைப் பற்றிய பேச்சை மறுநாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கும் 15 வயதுப் பிள்ளைக்குத் தங்க இடமும் போதைப்பொருளும் தர எப்போதும் யாராவது ஒரு காரில் காத்திருப்பார்கள்; அதற்கு அவர்கள் கேட்கும் விலை நமக்குத் தெரியும். விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாமதமாகும்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்பது போல, அவனோடு பேசி அமைத்த விதியை அவன் காப்பாற்றக்கூடும். மற்றவர்களுக்கும் அதே வாய்ப்பைக் கொடுங்கள்.

உங்கள் நகரத்தில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. வடக்கே, விமானத்தில் மட்டுமே செல்லக்கூடிய ஊர்களில் உயர்தரப் பாடசாலை இல்லாததால், படிப்பதற்காகத் தனியாகத் தண்டர் பேக்கு வந்த முதற்குடி மாணவர்களில் ஏழு பேர் 2000க்கும் 2011க்கும் இடையில் உயிரிழந்தார்கள். அதுபற்றிய மரண விசாரணை 2016இல் 145 பரிந்துரைகளோடு முடிந்தது. நீங்கள் குறிப்பிடும் பையனுக்கும் வீடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கக்கூடும்.

பேச்சைப் பொறுத்தவரை, எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்பதைக் கைவிடுங்கள். பாத்திரம் கழுவும்போதும், சீட்டு விளையாடும்போதும், பனொக் ரொட்டிக்கு மாவு பிசையும்போதும், காரில் பக்கத்து இருக்கையில் இருக்கும்போதும் பிள்ளைகள் தாமாகவே பேசுவார்கள். பேசாவிட்டாலும் அந்த நேரம் வீணல்ல. செய்வதாகச் சொன்னதை, அது சிறிய விடயமாக இருந்தாலும், சொன்ன நாளிலேயே செய்யுங்கள். செய்ய முடியாததைச் சொல்லாதீர்கள்.

பிள்ளை திரும்பி வராவிட்டால் 24 மணிநேரம் பார்த்துவிட்டுத்தான் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டுமா? (வின்னிபெக்)

இல்லை. கனடாவில் அப்படி ஒரு காத்திருப்பு விதியே இல்லை. முதலில் அவரையும், அவர் நம்பும் உறவினரையும் நண்பர்களையும் அழையுங்கள். ஆபத்தின் அறிகுறி தெரிந்தால் அந்த அழைப்புகளோடு சேர்த்து உடனே பொலிஸுக்கும் சிறுவர் நலத்துறையின் வழக்குப் பணியாளருக்கும் அறிவியுங்கள். அவர் அணிந்திருந்த உடையையும் கடைசியாகச் சொன்னதையும் ஒவ்வொரு ஷிப்டிலும் குறித்து வைக்கும் பழக்கம் அந்த நேரத்தில்தான் பயன்படும். "இவள் எப்போதும் ஓடிப்போகிறவள்தானே" என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கவே கூடாது. சக்கீங் முதற்குடியைச் சேர்ந்த 15 வயது டீனா ஃபொன்டெய்ன், சிறுவர் நலத்துறையின் பொறுப்பில் இருந்த காலத்தில் காணாமற்போய், 2014 ஆகஸ்டில் வின்னிபெக்கின் செந்நதியிலிருந்து (ரெட் ரிவர்) உயிரற்ற நிலையில் எடுக்கப்பட்டார். பராமரிப்பில் உள்ள பிள்ளைகளை ஹோட்டல் அறைகளில் தங்க வைக்கும் வழக்கத்தை மனிற்றோபா அதன் பிறகுதான் நிறுத்தியது.

அவர்கள் செய்யும் புகைச் சடங்கு நம் வீட்டுச் சாம்பிராணிப் புகை போலவே இருக்கிறது. நானே ஏற்றி நடத்தலாமா? (பிரம்ப்டன்)

உங்கள் அன்பு புரிகிறது, ஆனாலும் நீங்கள் நடத்த வேண்டாம். செடார், சேஜ், இனிப்புப் புல், புகையிலை ஆகியவை புனித மருந்துகள். அவற்றைக் கையாளும் முறை ஊருக்கு ஊர் வேறுபடும், அதைக் கற்பிக்கும் உரிமை மூத்தோருக்கு உரியது. மூத்தவர் ஒருவரை முறைப்படி புகையிலை கொடுத்து அழைப்பதும், அறையும் நேரமும் ஒதுக்குவதும், தீ எச்சரிக்கைக் கருவி தொடர்பாகக் கட்டட நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் உங்கள் பங்கு. எல்லாப் பிள்ளைகளும் இதை விரும்புவார்கள் என்றும் எண்ணாதீர்கள். ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளான இனுவிட் மக்களின் மரபில் குல்லிக் என்னும் எண்ணெய் விளக்குக்கே முக்கிய இடம் உண்டு. கிறிஸ்தவராக வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது எதுவும் வேண்டாம் என்பவரும் இருப்பார். கேட்டுத் தெரிந்துகொள்வதே மரியாதை.

ஒரு பெண் பிள்ளை, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்றாள். தற்கொலை பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போலாகாதா? (எட்மன்டன்)

ஆகாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உருவாவதில்லை. மாறாக, தனியாகச் சுமந்ததைச் சொல்ல அவருக்கு வழி கிடைக்கிறது. "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறாயா?" என்று அமைதியான குரலில், அந்தச் சொல்லைத் தவிர்க்காமல் கேளுங்கள். ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், குடும்பத்தின் மேல் உள்ள கடமையை நினைவூட்டாதீர்கள். எப்படி, எப்போது என்று திட்டம் உள்ளதா என்பதைக் கேட்டு, முழுவதையும் செவிமடுங்கள். அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அகற்றி, மேற்பார்வையாளரை அழையுங்கள். இரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 911. மற்றபடி 988 என்ற எண்ணில் நாடு முழுவதும் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பூர்வகுடி மக்களுக்கென்றே இயங்கும் ஹோப் ஃபார் வெல்னெஸ் உதவி இணைப்பின் எண் 1-855-242-3310. இந்த எண்களை அலுவலகச் சுவரில் மட்டும் ஒட்டாமல், பிள்ளைகளின் குளியலறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டுங்கள். அசிஸ்ட் எனப்படும் இரண்டு நாள் தற்கொலைத் தடுப்புப் பயிற்சியை உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுங்கள். இந்த வேலையில் அதற்கு இணையான பயிற்சியை நான் கண்டதில்லை.

போதைப்பொருளை மிகையாக எடுத்து ஒருவர் மயங்கிக் கிடந்தால்? (ரெஜைனா)

911ஐ அழையுங்கள், ஓபியாய்டு போதையின் விளைவை முறிக்கும் நலொக்சோன் மருந்தைக் கொடுங்கள், மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். நலொக்சோன் சிறிது நேரத்தில் வலுவிழக்கும் என்பதால், கண் விழித்துவிட்டாலும் அவசர மருத்துவ உதவி வரும்வரை அருகிலேயே இருங்கள். போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கு வரும் என்ற பயத்தில் பிள்ளைகள் உதவி கேட்கத் தயங்குவார்கள். 2017ஆம் ஆண்டின் நல்ல சமாரியர் சட்டம் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எங்கள் தங்குமிடத்தில் உள்ள ஒரு சிறுமி மிகவும் புத்திசாலி. எங்கள் வீட்டில் வைத்து வளர்த்தால் அவள் எதிர்காலமே மாறிவிடும் என்று கணவரும் நானும் நினைக்கிறோம். (மார்க்கம்)

தங்கச்சி, உங்கள் மனம் பெரியது. ஆனால் இதே நல்லெண்ணத்தின் பெயரால்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தம் மக்களிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சிச் சட்டம், பிள்ளையை வைக்கும் இடத்துக்கு ஒரு வரிசையை வகுத்திருக்கிறது: பெற்றோர், பின்பு குடும்பத்தின் வேறொரு பெரியவர், பின்பு அதே சமூகத்தவர், பின்பு வேறொரு பூர்வகுடிச் சமூகத்தவர், இவர்கள் யாரும் இல்லாதபோதுதான் பிறர். அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் உறுதிசெய்தது. அந்தச் சிறுமிக்கு ஒரு சிற்றன்னையோ பாட்டியோ எங்கேயோ இருக்கக்கூடும். அவரைத் தேடும்படி வழக்குப் பணியாளரை விடாமல் கேளுங்கள். அவளுடைய திறமையைப் பற்றி எழுத்தில் பதிவு செய்யுங்கள்.

18 வயது ஆனதும் பிள்ளைகள் தெருவுக்கே போய்விடுகிறார்கள். நாம் என்ன செய்யலாம்? (வின்னிபெக்)

பிறந்தநாளுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கினால் ஒன்றும் நடக்காது. 16 வயதிலேயே தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், சமூகக் காப்புறுதி எண், சுகாதார அட்டை, முதற்குடியினராக இருந்தால் அரசின் பதிவுச் சான்றான ஸ்டேட்டஸ் கார்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றை அவரோடு சேர்ந்து நீங்களும் நேரில் சென்று எடுத்துக் கொடுங்கள். மனிற்றோபாவில் 18 வயதுக்குப் பிறகும் ஆதரவை நீடிக்கக் கோரலாம். 18 ஆகும் முன்பே அதை எழுத்தில் கேட்டுவிடுங்கள். முதற்குடிப் பிள்ளைகளுக்கு ஜோர்டான் கொள்கையின் கீழ் பல் சிகிச்சை, மூக்குக் கண்ணாடி, உளவள ஆலோசனை போன்றவற்றைக் கோரும் உரிமை உண்டு. நோர்வே ஹவுஸ் கிறீ மக்களைச் சேர்ந்த ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன் என்ற சிறுவனின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்று கூட்டாட்சி அரசும் மாகாண அரசும் வாதிட்டுக்கொண்டிருக்க, அவன் ஒரு நாள்கூடத் தன் குடும்பத்தோடு வீட்டில் வாழாமல், 2005இல் ஐந்து வயதில் வைத்தியசாலையிலேயே இறந்தான். அவன் பெயரால் வந்த உரிமை இது. பராய வயதை அடைந்ததும் அந்த உரிமை முடிந்துவிடும் என்பதால், 17 வயதுப் பிள்ளை ஒருவர் உங்களிடம் இருந்தால் அந்த விண்ணப்பத்தை இந்த வாரமே நிரப்புங்கள்.