மாடு வாங்க இன்னொரு குழு லோன் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். கணவர் கொத்தனார். வீட்டு வருமானம் மாதம் 18,000 ரூபாய் வரும். ஏற்கெனவே ஒரு தனியார் நிறுவனத்தின் குழு லோனுக்கு மாதம் 2,450 கட்டுகிறேன், இன்னும் 7 டியூ பாக்கி. இப்போது வேறொரு நிறுவனம் 24 சதவீத வட்டியில், 2 வருடத் தவணைக்கு 50,000 தருவதாகச் சொல்கிறது. அதில் 35,000-க்குக் கறவை மாடு வாங்கிவிட்டு, 15,000-ஐக் கட்டி கூட்டுறவு வங்கியில் இருக்கும் நகையை மீட்கலாம் என்கிறார் கணவர். மகளிர் சுய உதவிக் குழுவிலும் 3 வருடமாக இருக்கிறேன், ஆனால் ஒரு வருடமாக நோட்டு சரியாக எழுதவில்லை. இந்த லோனை வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. மாடு வாங்கும் யோசனை நல்லதுதான். அதற்கு இந்த லோன் சரிப்படாது.

24 சதவீதம் என்பது குறையும் அசலுக்கான வட்டி, அதாவது கட்டக் கட்ட மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதம் சுமார் 2,645 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 13,400-ஐத் தாண்டும். கட்டணம், காப்பீடு என்று முதலிலேயே பிடித்துக்கொள்வது தனி. பழைய டியூவையும் சேர்த்தால் மாதம் 5,095. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. உங்கள் கணக்கு அந்த வரம்புக்குள்தான் வருகிறது, அதனால் நிறுவனம் தயங்காமல் கொடுக்கும். ஆனால் மழைக்காலத்தில் கொத்து வேலை எத்தனை நாள் இருக்கும் என்று அந்த விதிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

மாட்டுக் கணக்குக்கு வருவோம். தினம் 8 லிட்டர் கறக்கும் மாடு, லிட்டர் 35 ரூபாய் என்றால் 280 ரூபாய். தீவனத்துக்கு 150 போனால் கையில் நிற்பது 130, மாதத்துக்கு 3,900. சரி, டியூ கட்டலாம். ஆனால் 35,000 ரூபாய்க்கு அப்படி ஒரு மாடு கிடைப்பது கஷ்டம். 5 லிட்டர் மாடுதான் அமையும் என்றால் 175 ரூபாயில் தீவனம் 120 போக மிஞ்சுவது மாதம் 1,650. டியூவுக்கே ஆயிரம் ரூபாய் உதைக்கும். நாள் ஆக ஆகப் பால் குறையும், கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையே இருக்காது. டியூ மட்டும் நிற்காது. குழு லோனில் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதால், நீங்கள் கட்டாத அன்று, டியூ வசூலிக்கும் சென்டர் மீட்டிங்கில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நகை விஷயத்தில் உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: கூட்டுறவு வங்கி நகைக்கடன் வட்டி 24 சதவீதத்தைவிட மிகக் குறைவு. குறைந்த வட்டிக் கடனை அடைக்க அதிக வட்டிக்கு வாங்குவது நஷ்டம். கெடு தேதி நெருங்காத வரை அவசரமில்லை.

இப்படி ஏழைகளுக்கு அடமானம் இல்லாமல் தரும் சிறுகடன் வறுமையை ஒழிக்கும் என்ற நம்பிக்கை வங்கதேசத்தில் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-ல் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்தது. அதற்காக அவருக்கும் அவர் நிறுவிய கிராமீன் வங்கிக்கும் 2006-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஹைதராபாத்தின் ஏழைக் குடியிருப்புகளில் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ குழுவினர் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், சிலருடைய தொழில் வளர்ந்தது தெரிந்தது. சராசரிக் குடும்பத்தின் நுகர்வு உயரவில்லை. 2010-ல் ஆந்திராவில் ஒரே வீட்டில் மூன்று நான்கு லோன் சேர்ந்து, வசூல் நெருக்கடி தாங்காமல் தற்கொலைகள் வரை போனது. ஒரு லோன் முடியும் முன் இன்னொன்று வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

உங்களுக்கு இதைவிட நல்ல வழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில்தான். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் உள்ள பெண்கள் குழுவுக்கு 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதே 50,000-க்கு அங்கே இரண்டு வருட வட்டி சுமார் 3,700 ரூபாய்தான்! ஆனால் கூட்டம், சேமிப்பு, குழுவுக்குள் கொடுத்த உள்கடன், திருப்பிக் கட்டியது எல்லாம் நோட்டில் இருந்தால்தான் வங்கி நம்பும். இந்த வாரமே குழுவை நடத்தும் ஊக்குநரையும் பிரதிநிதியையும் உட்கார வைத்து பாஸ்புக்கோடு ஒப்பிட்டு எழுத ஆரம்பியுங்கள். சந்தேகம் வந்தால் ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் கேளுங்கள். நோட்டு சீராவதற்கும் உங்கள் 7 டியூ முடிவதற்கும் சரியாக இருக்கும். அப்போது 2,450 ரூபாய் கையில் மிஞ்சும்.

அப்புறம் மாடு வாங்கும்போது, சினை மாடு மலிவு என்று போகாதீர்கள். கன்று ஈன்று சில வாரமே ஆன இரண்டாம் ஈத்து மாடாகப் பார்த்து, காலையும் மாலையும் நீங்களே கறந்து பார்த்தபின் பணம் கொடுங்கள். அன்றே காப்பீடு செய்யுங்கள். காதில் மாட்டும் வில்லை தொலைந்தால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள், வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு தரமாட்டார்கள்.

இடையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் பழைய லோனை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். சிறுகடனை முன்னதாக முடிப்பதற்கு அபராதம் கேட்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான்.