ரெவிட் மாடலை ஹீட் லோட் சாஃப்ட்வேருக்கு அனுப்பலாமா, இல்ல கையால டைப் பண்றதே மேலா?

கேள்வி இதுதான்: ஆர்க்கிடெக்ட் கொடுத்த ரெவிட் மாடலை (கட்டடத்தோட 3டி மாடல்) ஜிபிஎக்ஸ்எம்எல்லா (எனர்ஜி கணக்குக்கான ஃபைல் வகை) எக்ஸ்போர்ட் பண்ணி, ஏசி எவ்வளவு வேணும்னு கணக்குப் போடற லோட் சாஃப்ட்வேர்ல இம்போர்ட் பண்ணா, கையால போட்ட கணக்கைவிட டன்னேஜ், அதாவது வேண்டிய ஏசி அளவு, ரொம்ப ஏறி நிக்குது, இந்த வழியை நம்பலாமா, இல்ல பழையபடி ஒவ்வொரு ரூமா டைப் பண்ணிடலாமா?

நம்பலாம். ஆனா மாடல்ல இருந்து எதை வாங்கிக்கறது, எதைத் தொடவே கூடாதுங்கறதை முதல்லயே முடிவு பண்ணிக்கணும், முக்கால்வாசிப் பேர் அங்கதான் மாட்டிக்கறாங்க. ஆர்க்கிடெக்ட் மாடல்ல இருக்கறது சுவர், ஸ்லாப், கதவு, ஜன்னல். லோட் கணக்குக்கு வேண்டியது ரூம், அதைச் சுத்தி இருக்கற பரப்பு, அந்தப் பரப்புக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குங்கற தகவல். ஒரே சுவர் மூணு ரூமைத் தொட்டுக்கிட்டு நீளமா ஓடினா வரையறவருக்கு அது ஒரு சுவர், நமக்கு அது மூணு பரப்பு. இதைப் பிரிச்சுக் கொடுக்கறதுதான் எக்ஸ்போர்ட்டோட வேலையே.

ஐஎஃப்சியா ஜிபிஎக்ஸ்எம்எல்லான்னு சிலர் சண்டை போடுவாங்க. ஐஎஃப்சியும் மாடலை மாத்திக்கற ஒரு ஃபைல் வகைதான், ஐஎஸ்ஓ 16739 தரம், கட்டடத்துல இருக்கற எல்லாத்தையும் சுமக்கும், ஆனா நமக்கு அதுல உயிர் நாடி ஸ்பேஸ் பவுண்டரிதான் (ஸ்பேஸ்னா லோட் கணக்குக்காகக் குறிக்கற இடம், பவுண்டரின்னா அதைச் சுத்தி இருக்கற எல்லைப் பரப்பு), அதுலயும் செகண்ட் லெவல் பவுண்டரி, அதாவது அந்தப் பக்கம் யார் இருக்காங்கன்னு பார்த்துத் துண்டு போட்டது, அது ஃபைல்ல இல்லேன்னா லோட் கணக்குக்கு அந்த ஃபைல் பெருசா உதவாது. ஜிபிஎக்ஸ்எம்எல் ஆரம்பத்துல இருந்தே எனர்ஜி கணக்குக்குன்னு வந்தது, ஹேப், ட்ரேஸ், ஐஇஎஸ் மாதிரி லோட் சாஃப்ட்வேர் எல்லாம் இதை வாங்கிக்கும், அதனால இந்த வேலைக்கு என் ஓட்டு ஜிபிஎக்ஸ்எம்எல்லுக்குத்தான்.

இப்போ டன்னேஜ் ஏன் ஏறுதுன்னு பார்ப்போம். ஃபைலை நோட்பேட்ல திறந்து பாருங்க, பயப்பட ஒண்ணும் இல்ல, வெறும் டெக்ஸ்ட்தான். ஒவ்வொரு சர்ஃபேஸுக்கும் ஒரு டைப் இருக்கும், எக்ஸ்டீரியர் வால், இன்டீரியர் வால், ரூஃப், இன்டீரியர் ஃப்ளோர்னு. அதுக்குக் கீழ அட்ஜசன்ட் ஸ்பேஸ் ஐடின்னு வரும். ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவர்னா அந்த வரி ரெண்டு தடவை வரணும், வெளிச்சுவர்னா ஒரு தடவை. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவுல நிக்கற சுவர்ல ஒரே ஒரு ஐடிதான் இருக்குன்னா, அந்தப் பக்கம் ஸ்பேஸ் வைக்கலைன்னு அர்த்தம், சாஃப்ட்வேர் அதை வெயில்ல நிக்கற சுவர்னு எடுத்துக்கும். ஷாஃப்ட், டக்ட் போற வழி, படிக்கட்டு, லிஃப்ட் கிணறு, எலக்ட்ரிக்கல் ரூம், இங்கெல்லாம் ஏசி இல்லையேன்னு ஸ்பேஸ் வைக்காம விட்டுடறாங்க, ஏசி இல்லாத இடத்துக்கும் ஸ்பேஸ் வச்சே ஆகணும், அன்கண்டிஷன்டுன்னு குறிச்சுட்டா போதும்.

இதுல ரொம்பப் பெரிய வில்லங்கம் ஃபால்ஸ் சீலிங்தான். ஸ்பேஸோட மேல் எல்லையை சீலிங் உயரத்துல நிறுத்திட்டு, சீலிங்குக்கும் மேல் ஸ்லாபுக்கும் நடுவுல இருக்கற காலி இடத்துக்குப் பிளீனம்னு ஒரு ஸ்பேஸ் வைக்கலேன்னா, அந்த ரூமுக்கு மேல யாரும் இல்லைன்னு ஆகி நடு மாடி ரூமுக்கு ரூஃப் வந்து உக்காந்துடும். 20 சதுர மீட்டர் ரூம்னு வச்சுக்குங்க, இன்சுலேஷன் இல்லாத கான்க்ரீட் ஸ்லாப், யூ வேல்யூ (சூடு எவ்வளவு கடக்கும்ங்கற அளவு) 3, வெயில்ல மேற்பரப்போட சோல்-ஏர் டெம்பரேச்சர் (வெளிக்காத்தோட சூடும் வெயிலோட சூடும் சேர்த்த கணக்கு) 65 டிகிரி, உள்ளே 24. ஸ்லாப் சூடாகற நேரத் தாமதத்தை எல்லாம் விட்டுட்டுத் தோராயமாப் போட்டாலும் 3 பெருக்கல் 20 பெருக்கல் 41, 2460 வாட், ஒரு டன்ங்கறது 3517 வாட்னா 0.7 டன் சும்மா ஏறிடுச்சு, ஒரே ரூமுக்கு. இதே மாதிரி மாடி முழுக்க நடந்தா சில்லர் (ஏசிக்குத் தண்ணியைக் குளிர்விக்கற மெஷின்) சைஸே மாறிப்போகும். அதனால நான் எந்த ஃபைல் வந்தாலும் முதல்ல ரூஃப்னு தேடி, கடைசி மாடியைத் தவிர வேற எங்கயாவது வருதான்னு பார்த்துட்டுதான் மேல போவேன். டெக்ஸ்ட்ல தேட அலுப்பா இருந்தா லேடிபக் டூல்ஸோட ஸ்பைடர் வியூவர்ல போட்டா கலர் கலராக் காட்டும், பிரௌசர்லயே ஓடும்.

ரெவிட்ல ஏரியா மட்டும் இல்லாம வால்யூமும் கணக்குப் போடற செட்டிங் ஆன்ல இருக்கணும், ஆர்க்கிடெக்ட் மாடலை லிங்க் பண்ணிருந்தா அந்த லிங்க்குக்கு ரூம் பவுண்டிங் டிக் பண்ணிருக்கணும், இதெல்லாம் தெரிஞ்சிருப்பீங்க.

அதிகம் பேசப்படாத இன்னொண்ணு அளவு எங்க இருந்து எடுக்கறதுங்கறது. சுவரோட நடுக்கோட்டுல இருந்து நடுக்கோடு வரைக்கும் 5க்கு 4 மீட்டர், 20 சதுர மீட்டர். சுவர் 230 மில்லிமீட்டர்னா உள் முகத்துல அளந்தா 4.77க்கு 3.77, 18 சதுர மீட்டர்தான். பத்து சதவீத வித்தியாசம், லைட்டிங்கும் எக்விப்மென்ட்டும் சதுர மீட்டருக்கு இத்தனை வாட்னு கொடுக்கறதால அதுவும் கூடவே பத்து சதவீதம் ஏறும். உங்க கைக்கணக்கும் இம்போர்ட்டும் ஒத்துப்போகலேன்னா லோடைப் பார்க்காதீங்க, முதல்ல ஏரியாவை ஒப்பிடுங்க, அப்புறம் திசைவாரியா கண்ணாடி ஏரியாவை, அதுக்கப்புறம்தான் வாட் கணக்கு. வடக்கு திசையும் அப்படித்தான், ப்ராஜெக்ட் நார்த் (வரைபடத்துல வச்சுக்கிட்ட வடக்கு) வேற, ட்ரூ நார்த் (நிஜ வடக்கு) வேற, அந்தக் கோணம் ஃபைல்ல போச்சான்னும் வாங்கற சாஃப்ட்வேர் அதை எடுத்துக்கிச்சான்னும் பார்த்துடுங்க, மேற்குக் கண்ணாடி தெற்குன்னு பதிவானா பீக், அதாவது லோட் உச்சத்துல இருக்கற நேரமே மாறிடும்.

கர்ட்டன் வால் (முழுக்கக் கண்ணாடியான வெளிச்சுவர்) வச்ச கட்டடத்துல இன்னொரு தொல்லை, சுவர் ஏரியாவும் கண்ணாடி ஏரியாவும் சரிக்குச் சரி வந்துடும், எனர்ஜி பிளஸ் மாதிரி கணக்குப் போடற இன்ஜின் ஜன்னல் சுவரைவிடப் பெருசா இருக்குன்னு எரர் கொடுத்து நின்னுடும். கண்ணாடியை ஓரத்துல லேசா உள்ள தள்ளி சுவரைவிடக் கொஞ்சம் சின்னதாக்கினா சரியாப் போயிடும்.

மாடல்ல இருந்து வாங்கவே கூடாதுன்னு நான் பிடிவாதமா சொல்றது யூ வேல்யூ, எஸ்ஹெச்ஜிசி (கண்ணாடி வழியா எவ்வளவு வெயில் சூடு உள்ள வரும்ங்கற அளவு), ஆள் எண்ணிக்கை, லைட்டிங், ஃப்ரெஷ் ஏர், ஷெட்யூல். மெட்டீரியலுக்குத் தெர்மல் தகவலை யாராவது யோசிச்சுப் போட்டிருந்தா சரி, பெரும்பாலும் டீஃபால்ட்தான் இருக்கும், அது பார்க்க நம்பர் மாதிரியே இருக்கறதால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, அதுதான் ஆபத்து. இதையெல்லாம் லோட் சாஃப்ட்வேர் பக்கமே டெம்ப்ளேட்டா வச்சுக்கிட்டு ரூம் வகைக்குத் தகுந்த மாதிரி ஒட்டிடுங்க.

ரிவிஷன் வரும்போதுதான் இந்த ஏற்பாட்டோட அருமை தெரியும். ஆர்க்கிடெக்ட் ரெண்டு சுவரை நகர்த்திட்டு புது மாடல் அனுப்புவார், மறுபடி இம்போர்ட் பண்ணா நீங்க போட்ட இன்புட் எல்லாம் காலி. அதைத் தடுக்க ரூம் நம்பரையே சாவியா வச்சுக்கணும், ஸ்பேஸ் பேர் ஆர்க்கிடெக்டோட ரூம் நம்பரோட ஒண்ணா இருக்கணும், ஆள், லைட், காத்து எல்லாம் அந்த நம்பர்வாரியா ஒரு ஷீட்ல தனியா இருக்கணும், அப்போ ஜியோமெட்ரி எத்தனை தடவை மாறினாலும் ஷீட்டைத் திரும்ப ஒட்டினா வேலை முடிஞ்சது. கூடவே பழைய ஏரியா, புது ஏரியா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா எந்த ரூம் மாறிச்சுன்னும் தெரிஞ்சிடும்.

சின்ன வேலை, ஒரு மாடி, பத்துப் பன்னெண்டு ரூம், ரிவிஷன் வர வாய்ப்பு இல்லைன்னா தாராளமா டைப் பண்ணிடுங்க, மாடலைச் சுத்தம் பண்ற நேரத்துல அது முடிஞ்சிடும். ஆஸ்பத்திரி, பெரிய ஆபீஸ் மாதிரி வேலைக்கு இம்போர்ட்தான், ஆனா ஆர்க்கிடெக்ட் மாடல்ல இருந்து நேரா எக்ஸ்போர்ட் பண்ணாம, அதை லிங்க் பண்ணி உங்க எம்இபி (ஏசி, எலக்ட்ரிக்கல், பிளம்பிங்) ஃபைல்ல ஸ்பேஸை நீங்களே வச்சு அங்க இருந்து எடுங்க.