இரவுப் பணிப் படி: எட்டு மணி நேரத்துக்கு 300 ரூபாய்தானா?

கேள்வி: ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். இரவு முழுக்க வேலை பார்த்தும் படி மிகக் குறைவாக வருகிறதே, கணக்கு சரியா?

பதில்: பலரும் குழம்புவது இங்கேதான். இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம்தான் கூடுதலாகச் சேரும். முழு மணி நேரக் கூலி அல்ல. அடிப்படைச் சம்பளத்தோடு அகவிலைப்படியைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒரு மணி நேர விகிதம் கிடைக்கும். அகவிலைப்படி 50% என்று வைத்தால் 45,000 ÷ 200 = 225 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 80 நிமிடம். ஆக 300 ரூபாய். இரவு 8 மணிக்கே பணி ஏறினாலும் முதல் இரண்டு மணி நேரம் கணக்கில் வராது.

மத்திய அரசின் 2020 ஆணை, அடிப்படைச் சம்பளம் 43,600 ரூபாயைத் தாண்டினால் இந்தப் படி இல்லை என்றது. இரவிலேயே கண் விழிக்கும் மூத்த ஊழியர்களுக்கு இது பெரிய அநியாயம். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதும் அதே ஆணைதான். அகவிலைப்படி ஏறினால் மணி நேர விகிதமும் ஏறும். எனவே அது உயர்ந்த மாதங்களில் பழைய விகிதமே ஓடுகிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.